மைக் செட்டிலிருந்து டிஎஸ்பி வரை: கடைசி வரிசைக் குரலின் கதை

பெரிய கூட்ட அரங்குகளுக்குப் போனால் மூலையில் இருக்கும் இரும்பு ரேக்கைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே, முகப்பில் ஒரு குமிழ்கூட இல்லாமல், நாலைந்து பச்சை விளக்குகளை மட்டும் மினுக்கிக்கொண்டு ஓர் ஒல்லியான கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் டிஜிட்டல் ஆடியோ பிராசஸர். சுருக்கமாக டிஎஸ்பி. மேசையில் இருக்கும் அத்தனை மைக்குகளும் முதலில் இதற்குள் போய், அப்புறம்தான் ஸ்பீக்கருக்கு வரும். யாருடைய குரல் வெளியே வரலாம், எவ்வளவு வரலாம், எது எதிர்முனையில் வீடியோவில் இருக்கிறவருக்குப் போகலாம் என்று முடிவு செய்வது இந்தப் பெட்டி. தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி :-)

இதை எப்படி இயக்குவது என்று கேட்டால் ஒரு தடித்த மேனுவலைக் கொடுப்பார்கள். எந்தக் கட்டத்தை டிக் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தக் கட்டம் ஏன் பிறந்தது என்று இருக்காது. ஏன் பிறந்தது என்று தெரிந்தால் எப்படி வைப்பது என்பது பாதி விளங்கிவிடும் என்பது என் கட்சி. அதனால் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவசரக்காரர்கள் கடைசி ஏழெட்டு பத்திக்குத் தாவிக்கொள்ளலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் 1895 என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறந்த வருஷம். மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் இறங்கிய வருஷம். அதே 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்கிற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள். ஃபாக் மியூசியத்தில் புதிதாகக் கட்டிய லெக்சர் ஹாலில் ஆசிரியர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை, சரி செய்து கொடு என்று. சத்தம் போதாமல் இல்லை. சத்தம் போகவே மாட்டேன் என்றதுதான் பிரச்சினை. ஒரு சொல்லைச் சொன்னால் அது அடங்க ஐந்தரை விநாடி ஆனது. அதற்குள் பேச்சாளர் பதினைந்து சொல் தள்ளிப் போயிருப்பார்.

சபைன் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து இந்த ஹாலில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஓசை அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். ராத்திரி ராத்திரியாக இதே வேலை. அதிலிருந்து கிடைத்ததுதான் இன்றைக்கும் நாம் போடும் கணக்கு: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை விழுங்கும் ஒலியின் அளவால் வகுத்தால், ஓசை அடங்கும் நேரம் விநாடியில் வரும்.

நம் ஊர் ஹாலுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். சிமெண்டுச் சுவர், வழவழ டைல்ஸ், கண்ணாடி ஜன்னல். கன அளவு 432. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 384 சதுர மீட்டர். இந்தப் பரப்புகள் நூற்றுக்கு ஐந்து பங்கு ஒலியைத்தான் விழுங்கும் என்று வைத்தால் நேரம் 3.6 விநாடி. நாற்பது பேர் வந்து உட்கார்ந்தால் (மனித உடம்பும் துணியும் நல்ல மெத்தை) கிட்டத்தட்ட 1.9 விநாடிக்கு இறங்கும். கூரைக்கு மட்டும் ஒலி உறிஞ்சும் பலகை அடித்தால் 0.7 விநாடி. பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு விநாடிக்குக் கீழே இருப்பது நல்லது. எனவே, ஹாலுக்கு முதல் பிராசஸர் கூரைதான். (தெர்மாகோல் ஒட்டினால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது வெயிலைத் தடுக்கும், ஒலியைப் பெரிதாக விழுங்காது. முட்டை அட்டையும் அப்படித்தான்.)

அடுத்து வந்தது மின்சாரம். 1915-ல் கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் ஒலிபெருக்கியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1919-ல் சான் டியேகோ மைதானத்தில் ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஐம்பதாயிரம் பேர் கேட்க அதில் பேசினார். அதுவரை கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் சிங்கத் தொண்டை வேண்டும். இனி மெல்லிய குரல்காரரும் தலைவர் ஆகலாம். ஜனநாயகத்துக்குத் தொழில்நுட்பம் செய்த பெரிய உதவிகளில் இது ஒன்று என்று நினைக்கிறேன். ஆனால் கூடவே ஒரு வியாதியும் வந்தது. ஸ்பீக்கரில் வந்த ஒலி மறுபடி மைக்கில் நுழைந்து, பெரிதாகி, மறுபடி நுழைந்து, கடைசியில் 'கூ…' என்று ஊளையிடும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் இதை ஆராய்ந்ததால் லார்சன் விளைவு என்று பெயர். நம் ஊரில் 'மைக் கத்துது'.

நம் பள்ளத்தாக்கிலும் மைக் செட் இல்லாத கல்யாணம், சடங்கு, திருவிழா, கட்சிக் கூட்டம் கிடையாது. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாட்டாலேயே கூட்டம் சேர்த்தவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக மலையேறிப் போய், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்கள் நடுவில் பாடினார். (அண்ணனோடு பாடப்போன தம்பிகளில் ஒருவர் இளையராஜா என்பதை இங்கே சொல்லாவிட்டால் தேனிக்காரன் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் லோயர் கேம்ப் நிலையமும் 1958-லிருந்துதான் படிப்படியாக ஓட ஆரம்பித்தது.

அந்தக் காலத்து மைக் செட்காரரை நினைத்துப் பாருங்கள். குழாய்களைத் தென்னை மரத்தில் உயரக் கட்டி, வாய் மேடையைப் பார்க்காதபடி திருப்புவார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். ஒருத்தர் பேசி முடித்து அடுத்தவர் வருவதற்குள் குமிழைக் குறைப்பார். மெல்லப் பேசுகிறவர் வந்தால் கூட்டுவார், தொண்டை பெரியவர் வந்தால் இறக்குவார். கத்தப்போகிறது என்று ஊளை வருவதற்கு அரை நொடி முன்பே அவர் காதுக்குத் தெரியும். இன்றைக்கு டிஎஸ்பி செய்கிற வேலையில் பாதி அவர் விரலில் இருந்தது.

வெளியிடங்களில் அந்தக் குழாய்களின் காலம் சட்டத்தால் சுருங்கியது. 2000-ல் மத்திய அரசின் ஒலி மாசு விதிகள் வந்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. கூம்புக் குழாய்க்குத் தடை, பாக்ஸ் ஸ்பீக்கருக்கு அனுமதி. (திருவிழா சீசனில் இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்பது வேறு விஷயம்!)

இப்போது டெலிபோன் பக்கம் திரும்ப வேண்டும். ஏனென்றால் கான்பரன்ஸ் பெட்டியின் மூளை அங்கிருந்துதான் வந்தது.

தொலைதூர டெலிபோனில் நாம் பேசியது நமக்கே திரும்பி வரும் தொல்லை ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதற்கு 1920-களிலிருந்து போட்ட வைத்தியம் எக்கோ சப்ரஸர். ஒருத்தர் பேசும்போது எதிர்ப்பக்கத்துப் பாதையை அடைத்துவிடும். சத்தமாகப் பேசுகிறவன் ஜெயிப்பான், மற்றவன் வாய் மூடப்படும். தரை வழிக் கம்பியில் அது சமாளித்தது. 1960-களில் செயற்கைக்கோள் வந்ததும் கதை கெட்டது. 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர ஒரு வழிக்கே கால் விநாடி. அந்தத் தாமதத்தில் சப்ரஸர் வைத்துப் பேசினால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, பென் லோகன் இருவரோடு இதற்கு வழி கண்டவர் நம்மவர் ஒருவர். மன் மோகன் சோந்தி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போய், 1962-ல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தவர். அவருடைய எக்கோ கேன்சலர் கட்டுரை 1967-ல் வந்தது. யோசனை எளிமையானது: பாதையை அடைக்காதே, எக்கோவை மட்டும் கழித்துவிடு. எதிர்முனையிலிருந்து என்ன ஒலி வந்தது என்று நமக்குத் தெரியும். அது எப்படித் திரும்பப் போகிறது என்று கருவி தானே ஊகித்துக்கொண்டே இருக்கட்டும். ஊகித்ததைக் கழித்தால் மிஞ்சுவது இந்தப் பக்கத்துக்காரரின் குரல். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம், யார் வாயையும் மூட வேண்டாம்.

இதே மாதிரி இன்னொரு திருப்பம் மேடை ஒலியிலும் நடந்தது. எட்டு மைக்குகளைத் திறந்து வைத்தால் எட்டும் அறையின் இரைச்சலை அள்ளும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஊளைக்கு 3 டெசிபல் அருகே போகிறோம். எட்டு மைக் என்றால் 9 டெசிபல். இதற்குப் பழைய வைத்தியம் கேட். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால்தான் மைக் திறக்கும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். சான் பிரான்சிஸ்கோவில் நாடகங்களுக்கு ஒலி அமைத்துவந்த டான் டூகன் 1970-களில் வேறு மாதிரி யோசித்தார். 1976-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

டூகனின் முறையைப் பாடப் புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். நம் ஊர்ப் பாசனத்தில் சொன்னால் ஒரு வரி. வாய்க்காலில் வரும் மொத்தத் தண்ணீர் மாறாது, மடைகளுக்குள் பங்கு மட்டும் மாறும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும் இப்படித்தானே பிழைக்கிறது? ஒரு மைக்கின் ஒலி, எல்லா மைக்குகளின் மொத்த ஒலியில் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு கெயின் அதற்கு. ஒருவர் பேசினால் முழுத் தண்ணீரும் அவருக்கு. இருவர் சேர்ந்து பேசினால் பங்கு பிரியும். யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சமமாகக் கொஞ்சம். எந்த மடையும் முழுசாக அடைபடாது, மொத்தமும் கரை உடைக்காது.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சிக்னல் பிராசஸர் சிப் வந்தது. 1992-ல் பாலிகாமின் மூன்று கால் வைத்த கான்பரன்ஸ் போன் வந்தது. 1993-ல் பீவியின் மீடியா மேட்ரிக்ஸ் ஒரு ரேக் நிறைய இருந்த கருவிகளைக் கம்ப்யூட்டர் திரையில் கோடு போட்டு இணைக்க வைத்தது. சபைனைத் தவிர மேலே சொன்ன எல்லோரும் இன்று அந்த ஒல்லிப் பெட்டிக்குள் குடியிருக்கிறார்கள். சபைன் மட்டும் வெளியே, கூரையில். எந்தப் பிராசஸரும் மூன்றரை விநாடி அறையை ஒரு விநாடி அறையாக்காது.

சரி, செட்டிங்குக்கு வருவோம்.

முதலில் ஒவ்வொரு மைக்கின் கெயின். சாதாரணமாகப் பேசும் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, அவர் இயல்பாக உட்காரும் தூரத்தில் பேசச் சொல்ல வேண்டும். மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் 'ஹலோ ஹலோ' என்று வாயை ஒட்டிக் கத்துவதும் எதற்கும் உதவாது. உச்சத்துக்குக் கீழே 18, 20 டெசிபல் இடம் விட்டு மீட்டர் ஆடினால் போதும். கன்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பேன்டம் பவர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'மைக் ரிப்பேர்' என்று ஓரம்கட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. பிறகு 100, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம். ஃபேன், ஏசி உறுமலில் பாதி அங்கேதான் இருக்கிறது, பேச்சின் தெளிவு அங்கே இல்லை.

அடுத்தது சோந்தியின் கேன்சலர். பலர் தடுமாறுகிற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் அறையில் இருக்கும் எக்கோ கேன்சலர் நமக்காக வேலை செய்வதில்லை, எதிர்முனைக்காரருக்காக வேலை செய்கிறது. சென்னையில் பேசுகிறவர் குரல் தேனியில் ஸ்பீக்கரில் வந்து, தேனி மைக்கில் நுழைந்து, சென்னைக்கே திரும்பாமல் இது தடுக்கிறது. அதனால் தேனியில் இருக்கும் உங்களுக்கு உங்கள் குரலே திரும்பிக் கேட்டால், பார்க்க வேண்டியது சென்னைப் பெட்டியை. இன்னொன்று: கேன்சலருக்கு 'இதைக் கழி' என்று காட்டும் ரெஃபரன்ஸில் எதிர்முனையின் ஒலி மட்டும் இருக்க வேண்டும். நம் மைக்குகளும் அதில் கலந்துவிட்டால், பெட்டி நம் ஆட்களின் குரலையே எக்கோ என்று நினைத்துக் கழிக்கப் பார்க்கும். எதிர்முனையில் 'நீங்க தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு' என்பார்கள்.

ஸ்பீக்கர் பக்கம், ஒவ்வொருவர் தலைக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கரில் அவருடைய சொந்த மைக்கைக் குறைத்துவிட்டு மற்றவர்கள் மைக்கை மட்டும் அனுப்பினால் ஊளை வெகுவாகக் குறையும். மைக் செட்காரர் குழாயை மேடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பியதன் டிஜிட்டல் வடிவம். பின்வரிசை ஸ்பீக்கருக்குத் தாமதமும் கொடுக்க வேண்டும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் நடக்கும், பத்து மீட்டர் பின்னால் வர 29 மில்லிசெகண்ட். அதற்கு மேல் பத்து, பதினைந்து மில்லிசெகண்ட் கூட்டினால் குரல் பேசுகிறவர் திசையிலிருந்தே வருவது போல இருக்கும்.

கடைசியாக ஆட்டோ மிக்ஸர். இதுவரை சொன்ன வரலாறெல்லாம் இதற்காகத்தான். சில பெட்டிகளில் கேட் முறை, பங்கு முறை இரண்டும் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'சத்தம் குறையும், சுத்தமாக இருக்கும்' என்று கேட் போட்டு, அதன் அளவையும் உயரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். தலைவர் மேசையில் அதனால் ஒன்றும் ஆகாது. மைக்குக்கு நேரே உட்கார்ந்து, பேசிப் பழகிய குரல். மாதாமாதம் மாவட்டங்களில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் தூர் வாரவில்லை, காட்டுப்பன்றி தோட்டத்தை அழித்துவிட்டது என்று சொல்ல வந்தவர் கடைசி வரிசையில் இருப்பார். கையில் மைக் வர அரை நாள் காத்திருந்திருப்பார். மைக்கை நெஞ்சுக்கு நேரே பிடிப்பார். அதிகாரி முன்னால் குரல் தானாகவே இறங்கும்.

இங்கே நம் மொழியும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் 'இல்லை' என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். தமிழில் கடைசியில்தான் வரும். 'எங்க கடைமடைக்கு இந்த வருஷம் தண்ணி வந்துச்சு', 'எங்க கடைமடைக்கு இந்த வருஷம் தண்ணி வரலை' இரண்டும் கடைசிச் சொல் வரைக்கும் ஒன்றுதான். வாக்கியம் முடியும்போது நம் குரல் இறங்குவதும் இயல்பு. கேட் மூடுவதற்குச் சரியான நேரம் அது! ஹாலில் இருக்கிறவர்களுக்கு நேரடியாகவே கொஞ்சம் கேட்டுவிடும். வீடியோவில் சென்னையில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு 'தண்ணி வ…' வரைக்கும்தான் போகும். ஆங்கிலத்தை மனதில் வைத்து யாரோ போட்ட டீஃபால்ட், தமிழில் வினைச்சொல்லைத் தின்றுவிடும்.

ஆகவே முடிந்தால் பங்கு முறை. கேட்தான் வேண்டும் என்றால் அளவைத் தாழ்த்தி வையுங்கள். மூடுவதற்கு முன் காத்திருக்கும் ஹோல்டு நேரத்தை அரை விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். மூடும்போதும் முழுசாக மூடாமல் 10, 15 டெசிபல் மட்டும் இறங்கட்டும். இரைச்சல் நீக்கியை உச்சத்துக்குத் தள்ளாதீர்கள், அதுவும் மெல்லிய குரலை ஃபேன் சத்தத்தோடு சேர்த்துத் துடைத்துவிடும். தலைவர் மைக்குக்கு முன்னுரிமை கொடுக்கும் கட்டம் ஒன்று இருக்கும், தலைவர் வாயைத் திறந்தால் மற்ற எல்லா மைக்கும் இறங்கிவிடும். அதைத் தொடுவதற்கு முன், அது தேவைதானா என்று கூட்டம் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். பழைய சப்ரஸர் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்ததும் பிரீசெட்டாகச் சேமித்து, பாஸ்வேர்டு போட்டு, அந்த பாஸ்வேர்டை ரேக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள் (இரண்டு வருஷம் கழித்து வருகிறவர் வாழ்த்துவார்). பிறகு ஃபேனெல்லாம் ஓடவிட்டு, எதிர்முனையில் போனில் ஒருவரை வைத்துக்கொண்டு, கடைசி வரிசை மைக்கில் ஒருவரை மெல்லிய குரலில் 'தண்ணி வரலை' என்று முடியும் வாக்கியம் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். எதிர்முனைக்காரர் அந்த 'வரலை'யைத் திருப்பிச் சொன்னால் ரேக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.